சம்பந்தியின் எடை

தம்பி,

இதை ஆபீசில் வைத்துப் படிக்க வேண்டாம். ரூமுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் நீ மட்டும் படி. பிறகு நித்யாவிடம் கொடு. அவள் படித்த பிறகு வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவளுடைய மாமா படிக்கலாம், நம் பக்கத்துச் சொந்தங்கள் படிக்கலாம், நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்து என்னைப் பாராட்டிய எல்லோருமே படிக்கலாம். தபாலில் போட்டால் நாளாகும் என்பதால் கையால் எழுதி, பக்க எண் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லத்தான் நினைத்தேன். நேற்றும் முந்தாநாளும் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் சென்னையில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உனக்கே ஒருமாதிரி இருந்திருக்கும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தள்ளினால் சொல்லாமலே முடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நித்யாவின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. சில மாதங்களாக மலத்தோடு ரத்தம் போகிறது. எடை குறைந்துகொண்டு வருகிறது. திருநெல்வேலியில் ஒரு டாக்டர் பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும் என்று சொல்லியும் அவர் போகவில்லை. போகாததற்குக் காரணம் நான். இப்போது கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அவ்வளவு நாள் தாங்காது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது. ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் வாழ்க்கையில் நான் நிச்சயமாகத் தெரிந்துவைத்திருக்கிற சில விஷயங்களில் இது ஒன்று. அதைத்தான் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. ஆராய்ச்சி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன். சொந்தக்காரர்கள் எலி டாக்டர் என்று சிரிப்பார்கள். உன் அம்மா நான் வேலை முடிந்து வந்ததும் பின்கட்டில் குளித்த பிறகுதான் அடுப்படிப் பக்கம் விடுவாள். மதுரையில் அந்த ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டி வரவழைப்போம். வரவழைப்போம் என்று எழுதும்போது கை தயங்குகிறது, ஆனாலும் வேலை அதுதான். ஒரு ரசாயனத்தை வாரம் ஒரு முறை தொடைக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவோம். அது ஈரலுக்குப் போய் வேறொன்றாக மாறிக் குடலுக்கு வந்து சேரும். மனிதர்களுக்கு வருவதைப் போலவே பெரும்பாலும் குடலின் கடைசிப் பகுதியில்தான் கட்டி வரும். அதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. எலி தின்னும், தூங்கும், கூண்டுக் கம்பியைக் கடிக்கும். நாங்கள் வாராவாரம் தராசில் வைத்து எடை பார்ப்போம். எடை இறங்கினாலோ, கூண்டில் ரத்தக் கறை தெரிந்தாலோ, உள்ளே கட்டி வந்திருக்கும் என்று யூகிப்போம். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் எலி சாக வேண்டும். குடலை நீளவாக்கில் வெட்டிக் கழுவி, ரிப்பன் மாதிரி வடிதாளில் விரித்து, நீலச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் எண்ணுவோம். அந்த எண்ணுகிற வேலைக்கு என்னைப் போலப் பொறுமையான ஆள் கிடையாது என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

இன்னொரு வகைப் பரிசோதனை வெள்ளைச் சுண்டெலிகளில். கண்ணாடித் தட்டில் வளர்த்த குடல் புற்றுச் செல்களை விலாவில் தோலுக்கடியில் செலுத்திவிடுவோம். கொஞ்ச நாளில் பட்டாணி மாதிரி ஒரு முடிச்சு எழும்பும். இது வெளியே தெரிகிற கட்டி. நீளத்தையும் அகலத்தையும் காலிப்பரால் அளந்துகொண்டே வருவோம். அந்த அறைச் சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. கட்டி குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலோ, எடை குறிப்பிட்ட பங்குக்கு மேல் இறங்கினாலோ, சுண்டெலி தீனி எடுக்காமல் மூலையில் ஒடுங்கினாலோ, பரிசோதனை பாதியில் நின்றாலும் சரி, அதன் வேதனையை நீட்டாமல் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு என்பதுதான் அந்த விதி. நான் அதை ஒரு நாளும் மீறியதில்லை. உயிருள்ள பிராணிகளை வைத்து அந்த வேலை செய்ததற்காக நான் வெட்கப்படுகிறேனா என்று கேட்டால், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் வெட்கப்படுவது வேறொன்றுக்காக.

அந்த எலிகளுக்கு நாங்கள் ஒரு வேலிச் செடியின் இலையைக் கொடுத்துப் பார்த்தோம். செடியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக் காலையில் யாராவது பறிக்கப் போய்விடுவார்கள். ஊசி போட ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே அந்த இலைச் சாறு குடித்துவந்த எலிகளுக்குக் கட்டிகள் குறைவாக வந்தன. கட்டி வந்த பிறகு குடித்த எலிகளுக்கு ஒரு பலனும் இல்லை. செல் செலுத்திய சுண்டெலிகளுக்கும் பலன் இல்லை. காலிப்பரை எத்தனை தடவை வைத்துப் பார்த்தாலும் கட்டி வளர்ந்துகொண்டுதான் போனது. மனிதர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு நாங்கள் போகவே இல்லை. ஆனால் ஒரு நிருபர் வந்தார், போட்டோ எடுத்தார், புற்றுநோயைக் கரைக்கும் இலை என்று தலைப்புப் போட்டு எழுதிவிட்டார். போட்டோவில் ஓரமாகக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். மறுத்து எழுத வேண்டும் என்று நினைத்தேன். மேலே இருப்பவர்களே சும்மா இருக்கும்போது நாம் யார் என்று விட்டுவிட்டேன். உன் அம்மா அந்தப் பேப்பரில் ஐந்தாறு வாங்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாள். அவளைத் தடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

புளியங்குடியில் உன் நிச்சயதார்த்தம் நடந்த அன்று அந்தப் பேப்பர் திரும்ப வந்தது. தட்டு மாற்றிய பிறகு எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நித்யாவின் மாமா சத்தமாக ஆரம்பித்தார். "நம்ம மாப்ளயோட அப்பா லேசுப்பட்ட ஆளுன்னு நெனச்சிராதீக. கேன்சருக்கே மருந்து கண்டுபிடிச்சவுக. பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு, நானே படிச்சிருக்கேன்." நித்யாவின் அப்பா அப்படியே எழுந்து வந்தார். "அட, இம்புட்டுப் பெரிய ஆளா இருந்துக்கிட்டு ஓரத்துல ஒக்காந்திருக்கீகளே சம்பந்தி!" என்று என் நாற்காலியை என்னோடு சேர்த்து நடு ஹாலுக்கு இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். "அதெல்லாம் இல்லை, அது எலிகளுக்குச் செய்த..." என்று நான் தொடங்கினேன். "அடக்கத்தப் பாரேன்," என்றார் யாரோ ஒரு அம்மா. அப்போது நீ நித்யாவின் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாய். நீ அப்படி என்னைப் பார்த்து எனக்குப் பழக்கம் இல்லை. நீ படித்த காலத்தில் உன் சிநேகிதர்களிடம் அப்பா என்ன செய்கிறார் என்று சொல்ல நீ தயங்கியது எனக்குத் தெரியும். அன்றைக்கு உன் முகத்தில் பெருமை இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் காப்பியைக் குடித்தேன். உன்மேல் பழி போடுவதாக நினைக்காதே. நீ பார்த்தாய், அவ்வளவுதான். முடிக்காமல் விட்டது நான்.

கொஞ்ச வாரம் கழித்து அவர் தனியாகச் சங்கரன்கோவிலுக்கு, நம் வீட்டுக்கு வந்தார். கோயிலுக்கு வந்ததாகச் சொன்னார். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சை. உன் அம்மா பூ வாங்கப் போயிருந்தாள். தெருவில் தறிச் சத்தம் பெரிதாக இருந்ததால் அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"சம்பந்தி, ஒரு விசயம். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. வெளிக்கிப் போகையில ரத்தம் போவுது."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ஆச்சு, மூணு நாலு மாசம். மூலம்னுதான் நெனச்சேன். திருநெல்வேலில காட்டினேன். அந்த டாக்டரு கொழாய உட்டுப் பாக்கணும்ங்காரு. எந்த வழியா உடுவாகன்னு கேட்டேன். அவரு சொன்னதக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்." அவர் சிரித்தார். "மக கல்யாணத்த வச்சுக்கிட்டுத் துணிய அவுத்துப் போட்டுப் படுக்கவா சொல்லுதீக? ஒங்க கிட்டத்தான் அந்த எல இருக்குல்லா. அதக் குடுங்க. ஒங்க கையால குடுத்தாப் போதும் எனக்கு."

நானும் கூடச் சிரித்தேன், தம்பி. ரத்தம், மூன்று நான்கு மாதம், அறுபது வயது. இந்த மூன்றையும் கேட்டவுடன் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. எழுந்திருங்கள், நானும் வருகிறேன், இப்போதே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. என் மருந்து மருந்தே இல்லை என்று சொன்னால், நிச்சயதார்த்தத்தில் ஏன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர் என்று கேட்பாரே என்று தோன்றியது. பொய்க்காரன் வீட்டில் பெண் கொடுக்க வேண்டாம் என்று நினைத்துவிட்டால் உன் கல்யாணம் என்ன ஆகும் என்றும் தோன்றியது. "பார்க்கலாம்," என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ரயில்வே லைன் ஓரம் போய் அந்த இலையைப் பறித்தேன். ஆய்வுக்கூடத்தில் செய்தபடியே நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்தேன். அளவு கணக்குப் பண்ணுவதற்கு அவருக்குப் போன் பண்ணி எடை கேட்டேன். எலிக்குக் கொடுத்த அளவை மனிதன் எடைக்கு மாற்றுகிற சூத்திரம் ஒன்று உண்டு; அதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தப்பான காரியத்தை எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. உன் அம்மா கேட்டதற்குச் சம்பந்திக்குச் சத்துப் பொடி என்றேன்.

அடுத்த வாரமும் எடை கேட்டேன். அதற்கு அடுத்த வாரமும் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் போன் பண்ணுவேன். அவர் கமிஷன் கடையில் எலுமிச்சை மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று பார்த்துச் சொல்வார். "ஏறி நிக்கேன் சம்பந்தி. கடைப் பயலுவ சிரிக்கானுவ. மொதலாளியவே ஏலத்துல உட்டுருவமான்னு கேக்கானுவ. எழுதிக்கிடுங்க, போன வாரம் உள்ளதுதான்." நான் கேட்பது வைத்தியத்தில் ஒரு பகுதி என்று அவர் நினைத்துக்கொண்டார். தன்னை ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் கூடவே இருந்து கவனித்துக்கொள்வதாக நம்பினார். ஒரு வாரம் நான் போன் பண்ணத் தாமதமானதும் அவரே கூப்பிட்டு, "என்ன சம்பந்தி, இன்னைக்கு என்னய மறந்துட்டீகளா?" என்றார்.

இந்த இடத்தைத்தான் எழுதாமல் தாண்டிவிடலாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். ரத்தம் போவது குறைந்திருப்பதாக ஒரு வாரம் அவர் சொன்னார். குடலில் உள்ள கட்டி சில நாள் கசியும், சில நாள் கசியாது. அது நலமாவதற்கு அடையாளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எலிக்குப் பலிக்காதது மனிதனுக்குப் பலித்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. கூண்டைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றவன் கடைசியில் உண்மையாகவே ஒன்றைக் கண்டுபிடித்தவன் ஆகிவிடலாமே என்ற ஆசை. நான் பயத்தினால் மட்டும் சும்மா இருந்தேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. பயந்தவன் என்று சொன்னால் என்மேல் உனக்கு இரக்கம் வரும். அந்த ஆசையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் மாமனாராக வரப்போகிற மனிதரை நான் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டெலிக்குச் சுவரில் ஒட்டி வைத்திருந்த எல்லையைக்கூட அவருக்கு நான் வைக்கவில்லை.

உனக்கு டைபாய்டு வந்தது ஞாபகம் இருக்காது, சின்னப் பிள்ளை. நான் ஒரு மணிக்கு ஒரு தரம் காய்ச்சலை அளந்து, கோட்டுத் தாளில் புள்ளி வைத்து, கோடு போட்டு இணைத்துக்கொண்டிருந்தேன். கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. நானும் தாள் முடிய முடிய அடுத்த தாளை ஒட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா வந்து பார்த்தாள். "படம் வரஞ்சது போதும். ஆட்டோவக் கூப்பிடுதீகளா, இல்ல நான் பிள்ளயத் தூக்கிட்டு நடக்கவா?" என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து என்னைப் பாராட்டினார். இவ்வளவு நன்றாக எழுதி வைத்திருக்கிறீர்களே என்றார். உன் அம்மா அப்போது பார்த்த பார்வையின் அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஒன்றை அளந்துகொண்டே இருந்தால் அதற்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கு ஒரு நினைப்பு. என் படிப்பு எனக்குக் கொடுத்த கெட்ட பழக்கம் அது.

பிறகு எடை இறங்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். "கல்யாண அலைச்சல்லா," என்றார் அவர். "ஆமாம், அலைச்சல்தான்," என்றேன் நான். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். முகூர்த்தப் பட்டு எடுக்க நாம் எல்லோரும் திருநெல்வேலிக்குப் போனோம் அல்லவா? நீயும் நித்யாவும் அரக்கு நிறமா மாம்பழ நிறமா என்று சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர் மாடிப்படி ஏறி வந்து பாதியில் நின்றார். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஒன்றுமில்லை என்பதுபோல என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ரகசியம் தெரிந்த கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோல. நித்யா திரும்பி, "அப்பா, இது எனக்கு நல்லாருக்கா?" என்று கேட்டாள். "நீ எதக் கெட்டினாலும் நல்லாத்தானட்டி இருக்கும்," என்றார். அன்றைக்கு ஓட்டலில் என்னால் சாப்பிட முடியவில்லை. பட்டு பிடிக்கவில்லையா என்று நீ கேட்டாய்.

போன வியாழக்கிழமை காலையில் புளியங்குடிக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மாவிடம் மண்டப விஷயமாகப் போவதாகச் சொன்னேன். கடையில் ஏலம் முடிந்து ஆட்கள் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று தெரியும். அந்த இலை கட்டி வந்த எலிகளுக்குக் கேட்கவில்லை, முன்னாலேயே குடித்த எலிகளுக்குத்தான் கொஞ்சம் கேட்டது, மனிதர்களுக்கு யாரும் கொடுத்துப் பார்த்ததே இல்லை, நான் எந்த மருந்தும் கண்டுபிடிக்கவில்லை, நீங்கள் இன்றைக்கே போய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை.

"இது ஒமக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்திலேயே தெரியும்."

"அப்ப எதுக்குவே வாராவாரம் என் எடையக் கேட்டீரு?"

நிச்சயதார்த்தம் ஆன நாள் முதல் அவர் என்னைச் சம்பந்தி என்றும் நீங்க என்றும்தான் சொல்லிவந்தார். என்னிடம் பதில் இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் இல்லை. மேலே உனக்கு எழுதியிருக்கிறேனே, அதுதான் பதில்.

அவர் எழுந்து வெளியே போய்ப் பையனிடம் இரண்டு சோடா கொண்டுவரச் சொன்னார். எலுமிச்சம்பழத்தைத் தானே பிழிந்து, உப்புப் போட்டு, ஒன்றை என் கையில் கொடுத்தார். "குடியும். வெயில்ல வந்திருக்கீரு," என்றார். நான் குடித்தேன். அந்த மனிதர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதையும் எனக்கு இல்லை என்று தோன்றியது. பிறகு சொன்னார்: "கல்யாணம் முடியட்டும். பிறவு எங்கன வேணும்னாலும் வந்து படுக்கேன். அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. எம் மக அழுதுக்கிட்டு மணவறையில ஒக்காரக் கூடாது. நீரும் வாயத் தொறக்கக் கூடாது. வாயத் தொறக்காம இருக்கது ஒமக்கென்ன புதுசா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பார், அப்போதும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது ஒரு நிம்மதிகூட இருந்தது. நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று நினைத்தேன். பாதி வழி வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நாரைக் கீழே போட்டுவிட்டாள். "கல்யாணம் நின்னு போயிரும்னு பயந்தீகளா?" என்றாள். ஆமாம் என்றேன். "நின்னா நிக்கட்டும். ஆளு இருக்கணும்லா. நாளைக்கு அந்தப் பிள்ள எங்க அப்பாவுக்கு இப்பிடின்னு ஒங்களுக்குத் தெரியுமா மாமான்னு கேட்டா, என்ன சொல்லுவீக? எடைய மட்டும் சொல்லுவீகளா?" அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை. அது நியாயம்தான்.

அதனால் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி இதை எழுதுகிறேன். அவருக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. மூலமாக இருக்கலாம், சாதாரணச் சதை வளர்ச்சியாக இருக்கலாம், அங்கேயே குழாய் வழியாக வெட்டி எடுத்துவிடக்கூடியதாகவும் இருக்கலாம். கட்டியாகவே இருந்தாலும் அது எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எவ்வளவோ செய்யலாம். எலிக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எலி சாக வேண்டியிருந்தது. மனிதன் முதல் நாள் பேதி மருந்து குடித்து, மறுநாள் கொஞ்ச நேரம் கூச்சத்தை ஒதுக்கி வைத்துப் படுத்தால் போதும். என் வாழ்நாள் முழுக்க அந்த வேலையில் இருந்துவிட்டு இந்த வித்தியாசத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவர் வெட்கப்படுவார், வேறு பேச்சுக்கு இழுப்பார், சிரிக்க வைப்பார். நான் சிரித்ததைப்போல நீங்கள் சிரித்துவிட வேண்டாம்.

உனக்கும் என் சுபாவத்தில் பாதி வந்திருக்கிறது. கல்லூரியில் ஒரு பாடத்தில் தவறியதை அடுத்த பரீட்சை வரைக்கும் எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தாய். எனக்குத் தெரிந்தபோது நான் உன்னைத் திட்டவில்லை. உன்னை எனக்கு நன்றாகப் புரிந்தது என்பதால் திட்டவில்லை. அன்றைக்குத் திட்டியிருக்க வேண்டும். நித்யா அப்படிப்பட்டவள் இல்லை. மனதில் உள்ளதைக் கேட்டுவிடுகிறாள். இத்தனை காலம் உன் அம்மாவுக்கு நான் கொடுத்ததெல்லாம் பாதியில் நிறுத்திய வாக்கியங்கள்தான். நீ நித்யாவிடம் அப்படி இருக்காதே. அவள் முகம் வாடியிருந்தால் எத்தனை நாளாக வாடியிருக்கிறது என்று மனதுக்குள் கணக்கு வைக்காமல் அன்றைக்கே கேள். அவள் இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படுவாள். அப்பா வயசானவர், பயந்த சுபாவம், வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்காக நீ பேசக் கூடாது. அப்படிப் பேசினால் அது உண்மையும் ஆகாது, அவளுக்குத் துணையும் ஆகாது. கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டி வந்தால் தள்ளிவைப்போம். ஏன் தள்ளிவைத்தோம் என்று நம் பக்கத்துச் சொந்தங்களுக்கு நானே சொல்கிறேன். நித்யா இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்று முடிவு செய்தால், அதற்கும் காரணம் நான்தான் என்று நானே சொல்வேன். அப்போது நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ள முயற்சி செய்கிறேன்.

இன்று இரவு சென்னையிலிருந்து ரயிலில் இரண்டு பேரும் ஏறினால் காலையில் வந்துவிடலாம். டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் வாருங்கள். சங்கரன்கோவிலில் இறங்கி வீட்டுக்கு வர வேண்டாம், நேரே புளியங்குடிக்குப் போங்கள். திருநெல்வேலியில் அவர் முதலில் பார்த்த டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே எப்போது பார்ப்பார்கள் என்று உன் அம்மா வெள்ளிக்கிழமையே விசாரித்து வைத்திருக்கிறாள். நான் நாளை விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவர் கடைக்குப் போய்விடுவேன். உங்களுக்கு எழுதிவிட்டேன் என்று அவரிடம் நானே சொல்ல வேண்டும், பிள்ளைகள் வந்து நிற்கும்போது அவர் திகைத்துப் போகக் கூடாது. வாக்கு மீறினேன் என்று அவர் ஆத்திரப்படுவார். வெளியே போ என்றால் வெளியே வந்துவிடுவேன். கடை வாசலை விட்டுப் போகமாட்டேன். நீங்கள் வரும்போது நான் வாசலில் சாக்குகளுக்குப் பக்கத்தில் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பேன். என்னைப் பார்த்து நிற்க வேண்டாம், ஒன்றும் கேட்கவும் வேண்டாம். நேரே உள்ளே போய் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

அப்பா